புதுப்பிப்பு: ராத்திரியில் விளையாடக் கூப்பிட்ட பிள்ளை

என் கைப்பிள்ளை பகல் முழுக்கத் தூங்கிவிட்டு ராத்திரி ஒரு மணிக்குக் கொட்டக் கொட்ட முழிக்கிறான் என்று போன மாசம் புலம்பியிருந்தேன் இல்லையா, இப்போது எவ்வளவோ தேவலை. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்துக்கொள்கிறோம், பகல் தூக்கத்துக்கு ஜன்னலைச் சாத்துவதில்லை, மிக்ஸி ஓடினாலும் ஓடட்டும். ஏழு மணிக்கு மேல் டியூப்லைட் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, பால் கொடுத்து, கண் சொருகும்போதே பாயில் கிடத்திவிடுவது. இதற்குத்தான் ஆச்சியிடம் பெரும்பாடு. “முழிச்சிருக்க பிள்ளையக் கிடத்துனா அழத்தானட்டி செய்யும்” என்றாள். முதலில் அழத்தான் செய்தான், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இப்போது விரலைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறான்.

தொட்டில் பகலுக்கு மட்டும், அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால். ராத்திரி மல்லாக்கப் படுக்கை, ஆச்சி தைத்து வைத்த இலவம்பஞ்சுத் தலையணை பீரோவில்.

ராத்திரிப் பாலை நிறுத்தியாச்சா என்று ஒரு அக்கா கேட்டிருந்தீர்கள். இல்லை அக்கா, நாலு மாசத்தில் பசிக்கத்தானே செய்யும். ஜீரோ வாட் வெளிச்சத்தில், பேச்சுக் கொடுக்காமல் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறேன். பிறந்த பிள்ளைக்கு ராப்பகல் கணக்கே கிடையாது, இரண்டு மூன்று மாசத்துக்கு மேல்தான் அது பிடிபடும் என்றார் டாக்டர், அதனால் பாதிப் புகழ் வயசுக்குத்தான். திருநெல்வேலி டவுனில் ஆனித் தேரோட்டம் பார்க்கப் போனால் எல்லாம் ஒருநாள் தலைகீழாகும், ஆகட்டும்.