வெள்ளை மெழுகுவத்தியை வீட்டிலேயே அலங்கரிப்பது எப்படி?

கேள்வி (பெருந்துறையிலிருந்து):

வணக்கம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் உள்ள வீடுகளுக்குக் கொடுப்பதற்காக, கடையில் விற்கும் தடித்த வெள்ளை மெழுகுவத்திகளை வாங்கி, என் மகளும் நானும் கைப்பட அலங்கரிக்க விரும்புகிறோம். பூ அச்சிட்ட டிஷ்யூ பேப்பர், சமிக்கி, சணல் கயிறு, திருப்பூரிலிருந்து உறவினர் கொடுத்தனுப்பிய பனியன் வேஸ்ட் துணி, அக்ரிலிக் வண்ணங்கள் ஆகியவை கைவசம் இருக்கின்றன. ஃபெவிகால் தடவி ஒட்டும் காகிதம் காய்ந்ததும் உரிந்துவிடுகிறது. மெழுகின்மேல் எது நிலைத்து நிற்கும், ஏற்றும்போது எதனால் ஆபத்து வராது என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (கோவையிலிருந்து):

மெழுகு தண்ணீரை ஏற்காது. ஃபெவிகாலோ தண்ணீர் கலந்த பசை. அதனால்தான் அது பிடிப்பதில்லை. உங்களுக்குத் தனியாகப் பசையே தேவையில்லை, மெழுகையே பசையாக்கிக்கொள்ளலாம். பூ அச்சிட்ட டிஷ்யூ பேப்பர் ஒரே தாளாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று படலங்கள் சேர்ந்தது. அச்சு உள்ள மேல்படலத்தை மட்டும் மெல்லப் பிரித்தெடுத்து, பூவின் ஓரத்தை ஒட்டி வெட்டி, மெழுகுவத்தியின்மேல் சுருக்கமில்லாமல் வைத்து, அதற்கு மேலே பட்டர் பேப்பரை இறுக்கிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஹேர் டிரையரின் சூடான காற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திக் காட்டுங்கள். பாரஃபின் மெழுகு ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால், மேற்பரப்பு மட்டும் இளகிக் காகித இழைகளுக்குள் ஊறும்; பூவைச் சுற்றியுள்ள வெற்றுக் காகிதம் கண்ணுக்கே தெரியாமல் மறைந்து, பூ மெழுகிலேயே வரைந்ததுபோல் நிற்கும். ஊறிய காகிதம் ஒளி ஊடுருவுவதாக மாறுவதால், அடியில் உள்ள நிறம் மேலே தெரியும். ஆகவே வெள்ளை மெழுகுவத்தியைத் தேர்ந்தெடுத்தது மிகவும் நல்லது.

ஹேர் டிரையர் இல்லையென்றால், எவர்சில்வர் கரண்டியைக் கொதிநீரில் வைத்தெடுத்து, ஈரம் போகத் துடைத்து, அதன் முதுகால் பட்டர் பேப்பரின்மேல் தேய்த்தால் போதும். கரண்டியை அடுப்புத் தீயில் நேராகக் காட்டினால் கரி படியும், மெழுகும் அளவுக்கு மீறி இளகிவிடும்.

பதில் 2 (பவானியிலிருந்து):

பூக்கள் மட்டும்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் ஊர் ஜமக்காளத்தில் வரும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைப் பட்டம் செய்யும் மெல்லிய வண்ணக் காகிதத்தில் நீளவாக்கில் வெட்டி, அடியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, மேலே சொன்ன முறையிலேயே பதித்துப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற ஒரு நெசவின் வடிவம் நம் பக்கத்து வீடுகளுக்குப் பரிசாகப் போவது எனக்கு மகிழ்ச்சி தரும். கை ஈரமாக இருந்தால் அந்தக் காகிதத்தின் சாயம் கசியும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பதில் 3 (பொள்ளாச்சியிலிருந்து):

அம்மிணி, அழகைப் பற்றி மற்றவர்கள் கூறிவிட்டார்கள். எரியும் விதத்தைப் பற்றி நான் கூறுகிறேன். குறுக்களவு 7 சென்டிமீட்டருக்குக் குறையாத மெழுகுவத்தியையே எடுங்கள். அப்போதுதான் திரியைச் சுற்றிக் குழி விழுந்தாலும் தீ ஓரத்துக் காகிதத்திலிருந்து விலகியே இருக்கும். மெல்லிய மெழுகுவத்தியில் எதையும் ஒட்ட வேண்டாம். அக்ரிலிக் வண்ணத்தை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்: அது மெழுகில் சரியாகப் பிடிக்காது என்பதோடு, உருகிய மெழுகில் விழுந்தால் திரியை அடைத்துச் சுடரைத் திக்கச் செய்யும். சமிக்கி பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் அதுவும் வேண்டாம்.

சணலிலும் பனியன் துணியிலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. உருகிய மெழுகை உறிஞ்சிக்கொண்ட நூல் எதுவானாலும், தீ எட்டினால் அதுவே இன்னொரு திரியாகி எரியத் தொடங்கிவிடும். அவற்றை அடிப்பகுதியில் தளர்வாகக் கட்டி, ஏற்றுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். திரியை ஒவ்வொரு முறையும் சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு நறுக்கிவிட்டு, பீங்கான் தட்டின்மேல் வைத்து, ஆள் இருக்கும் அறையில் மட்டுமே ஏற்றச் சொல்லுங்கள். மெழுகில் தீ பெரிதாகப் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடி அணைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றிங்க. பனியன் துணியை மகள் விட மாட்டேன் என்கிறாள். கட்டிக் கொடுத்தால், பரிசு பெறுபவருக்கு அதைக் கழற்ற வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

பதில் 3 (பொள்ளாச்சியிலிருந்து):

துணியின் முடிச்சிலேயே ஒரு சிறிய அட்டையைக் கோத்து, "துணியைக் கழற்றிவிட்டு ஏற்றவும்" என்று குழந்தையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும்படி இருக்கட்டும்.