கிரனோலா பார் ஒருமுறை உதிர்கிறது, மறுமுறை கல்லாகிறது. யாராவது வழி சொல்லுங்கோ

ஒட்டுசுட்டான்காரி:
பிள்ளைகளின் இடைவேளைக்குக் கொடுத்துவிட என்று கிரனோலா பார் செய்யப்போய் இரண்டு தரமும் பிழைத்துப்போச்சு. முதல் தரம் ஓட்ஸ் 3 கப், தோலோடு வறுத்த கச்சான் அரைக் கப், எள்ளு அரைக் கப், கொஞ்சம் பிளம்ஸ், எல்லாவற்றிலும் அரைக் கப் காட்டுத்தேனைச் சூடாக்கி ஊற்றிப் பிரட்டி, தட்டில் பரப்பி ஆறவிட்டேன். கத்தி வைத்ததும் பொலபொலவென்று கொட்டுண்டு போச்சு. இரண்டாம் தரம் பனங்கட்டியைப் போட்டு நல்லாகக் காய்ச்சினேன், அது கல்லு, மாமி பல்செட்டுக்குப் பயந்து கிட்டவே வரவில்லை. போறணை இல்லை, தாச்சிதான்.

கிளிநொச்சி அன்ரி:
பிள்ளை, பேர்தான் புதிது, வேலை எங்கட எள்ளுப்பாகு வேலைதான். தேனைச் சூடாக்கினால் மட்டும் காணாது, அதிலுள்ள தண்ணீர் வற்றவேணும். அரைக் கப் தேனோடு கால் கப் சீவின பனங்கட்டி, ஒரு மேசைக்கரண்டி பட்டர் போட்டு மெல்லிய நெருப்பில் காய்ச்சு. நுரைத்து வரும்போது ஒரு துளியைக் குளிர்தண்ணீரில் விட்டுப் பார். கரைந்து ஓடினால் இன்னும் விடு, விரலுக்குள் மெத்தென்று உருண்டு நின்றால் உடனே இறக்கு. கிண்ணத்தில் போட்டு 'டங்' என்று கேட்டால் அது கச்சான் அல்வாப் பதம், மாமிக்குச் சரிவராது. பனங்கட்டியில் மண் கிடந்தால் கரைத்து வடித்துவிட்டு வற்றக் காய்ச்சவேணும்.

வவுனியாத் தம்பி:
அன்ரி சொன்ன பதம் வெப்பமானியில் ஏறக்குறைய 115 பாகை செல்சியஸ் (பாகுக்கும் பாகைதான்!). ஆனால் அக்கா, 4 கப் சாமானுக்கு அரைக் கப் தேன் எப்படி ஒட்டும்? அத்தோடு கச்சான் தோல் இடையில் நின்றாலும் பிடிக்காது, ஊதிவிட்டு ஒன்றிரண்டாக இடியுங்கோ. ஓட்ஸையும் தாச்சியில் வாசம் வரும்வரை வறுத்து, பாகு சூடாக இருக்கும்போதே பிரட்டி, எண்ணெய் தடவின கிளாசின் அடியால் பலமாக அமத்துங்கோ. இளஞ்சூட்டில் கோடு போட்டு, முழுக்க ஆறினபிறகு பிரியுங்கோ. முதல் தரம் உதிர்ந்ததை எறிந்திருக்கமாட்டீங்கள் என்று நினைக்கிறேன், கிரனோலா என்றாலே அந்த உதிரிதான், பால் விட்டுச் சாப்பிடலாம். மியூஸ்லி வேறை, அது 1900 அளவில் பிர்ச்சர் பென்னர் என்ற சுவிஸ் வைத்தியர் ஓட்ஸை ஊறவைத்து, துருவின அப்பிளோடு கொடுத்த சாப்பாடு.

ஒட்டுசுட்டான்காரி:
அப்ப மழை நாளில் ஒட்டிப் பிசுபிசுக்கிறதற்கு?

கிளிநொச்சி அன்ரி:
தேனும் பனங்கட்டியும் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆறாமல் மூடாதே. ஒவ்வொன்றாக ஒயில் பேப்பரில் சுற்றி இறுக்கமான ரின்னில் வை. வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் தேன் சேர்ந்த எதையும் கொடுக்காதே, அதைச் சும்மா சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான்காரி:
இன்றைக்கு முக்கால் கப் பாகோடு செய்தேன், நடுத்துண்டெல்லாம் வடிவாக நிக்குது. அமத்த மறந்த ஓரம் மட்டும் உதிர்ந்தது, அதை மாமி கரண்டியோடு எடுத்துக்கொண்டு போயிட்டா.