வாடகை வீட்டுக்கான ரெஃபரன்ஸ் (நம்மைப் பற்றிய விசாரிப்பு) 9 நாளாக நகரவில்லை, என்ன செய்வது?

வீடுதேடி
அவசரம். வீடு பிடித்துப்போய், அதை எங்களுக்காக நிறுத்திவைக்க ஹோல்டிங் டெபாசிட்டும் கட்டிவிட்டோம். ஏஜென்சியைக் கேட்டால் "ரெஃபரன்ஸ் இன்னும் வரவில்லை" என்று தினமும் ஒரே பாட்டு. போர்ட்டலில் மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது இருக்கும் வீட்டை 20ஆம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். குக்கர் தவிர எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. இன்னும் எத்தனை நாள் ஆகும்?

கீர்த்தி
எந்த ரெஃபரன்ஸ்? வேலை இடமா, பழைய வீட்டுக்காரரா, கிரெடிட்டா (கடன் வரலாறு)? இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா? பணம் கட்டிய தேதி என்ன? கிரெடிட் பார்ப்பது உடனே முடிந்துவிடும். மனிதர் பதில் போட வேண்டிய இடத்தில்தான் எப்போதும் இழுக்கும்.

கிராய்டன்வாசி
பெயரைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். எனக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, சம்பளச் சீட்டில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் வெறும் இனிஷியல். கணினிக்கு நான் மூன்று ஆள். இரண்டு வாரம் அலைந்தேன்.

மூத்தகுடி
இதே கேள்வி மாதத்துக்கு நாலு தடவை வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அழகுக்கு இல்லை. ஊர், தேதி, வாடகை எதுவும் சொல்லாமல் "எத்தனை நாள்" என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வீடுதேடி
மன்னிக்கவும், வேலையில் இருந்துகொண்டே எழுதினேன். லண்டன். வாடகை மாதம் 1,300 பவுண்டு. 3ஆம் தேதி 300 பவுண்டு கட்டினேன், இன்று 12. என் சம்பளம் ஆண்டுக்கு 34,000, மனைவிக்குப் பகுதி நேர வேலையில் 9,000. பழைய வீட்டுக்காரர் பதில் கொடுத்துவிட்டார். வேலை இடம்தான் பாக்கி.

ராப்பணி
ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 30 மடங்கு கேட்பார்கள். 1,300க்கு 39,000. உங்கள் சம்பளம் மட்டும் போதாது. மனைவி பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இருந்தால் 43,000, பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள், எல்லாம் வேகமாக நடக்கும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா
அந்த வழி அடைபட்டுவிட்டது தம்பி. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புது வாடகைக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் அந்த ஒரு மாதத்தையும் வாங்க முடியாது.

ராப்பணி
நல்ல சட்டம்தான் அக்கா. புதிதாக வந்தவனுக்கு இங்கே கிரெடிட்டும் இல்லை, ஜாமீன் நிற்க ஆளும் இல்லை. கையில் காசு இருந்தும் கொடுக்கக் கூடாது என்றால் அவன் எங்கே போவான்?

ஈஸ்ட்ஹாம் அக்கா
ஆறு மாதப் பணம் கையில் இல்லாதவன் எங்கே போனான் என்று யாராவது கேட்டீர்களா? நான் 2015இல் நகையை வைத்துக் கட்டினேன்.

கீர்த்தி
இதைத் தனி இழையில் பேசலாமே. வீடுதேடி, 2019இல் வந்த டெனன்ட் ஃபீஸ் சட்டப்படி ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. உங்கள் 300 சரியாக அந்த அளவுதான். வேறு தேதி எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் 15 நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். அதாவது 18ஆம் தேதி.

மூத்தகுடி
17. பணம் வாங்கிய நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு நாள் பிசகினால் என்ன என்று நினைக்காதீர்கள், பணம் திரும்பி வர வேண்டிய 7 நாளும் அதிலிருந்துதான் ஓடும்.

கீர்த்தி
சரி, 17. ஆனால் தாமதம் நம் பக்கம் என்று காட்டினால் அவர்கள் பணத்தை வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. அதனால் போனில் பேசியதையெல்லாம் அன்றே மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். வேலை இடத்தில் யாருடைய முகவரியைக் கொடுத்தீர்கள்?

வீடுதேடி
என் மேனேஜருடையது. ஏன்?

கீர்த்தி
அவர் ஊரில் இருக்கிறாரா?

கிராய்டன்வாசி
ஸ்பாமையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பெயர்.

ராப்பணி
இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டு என்று காட்டும் ரைட் டு ரென்ட் ஷேர் கோடு கொடுத்தாகிவிட்டதா? அது 90 நாள்தான் செல்லும், பழையதைக் கொடுத்திருந்தால் அங்கேயும் நிற்கும்.

வீடுதேடி
மேனேஜர் இரண்டு வாரம் விடுப்பில். தானியங்கிப் பதில் மட்டும் போயிருக்கிறது, ஏஜென்சி அதைப் பிரித்தே பார்க்கவில்லை. இன்று ஹெச்ஆர் முகவரியை மாற்றிக் கொடுத்தேன், நாற்பது நிமிடத்தில் வட்டம் பச்சையாகிவிட்டது. 16ஆம் தேதி கையெழுத்து. எல்லோருக்கும் நன்றி.

மூத்தகுடி
முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

கிராய்டன்வாசி
வாழ்த்துகள். ஒப்பந்தத்தில் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?