540 லிட்டர் தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர்: பெரியதாக ஒன்றா, நடுத்தரமாக இரண்டா?

அயிரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட மீன்தொட்டி ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறேன். கணக்குப்படி அது 540 லிட்டர் கொள்ளும். மணலும் கட்டையும் கற்களும் போட்டு, விளிம்பில் சற்று இடமும் விட்டால், நீர் 450 லிட்டரை ஒட்டி நிற்கும் என்று நினைக்கிறேன். இப்போது சிறிய தொட்டியில் இருக்கும் இரண்டு ஆஸ்கார் மீன்களையும் ஐந்து சில்வர் டாலர் மீன்களையும் இதற்கு மாற்றப்போகிறேன். ஆஸ்கார்கள் வளர்ந்தால் ஓரடியைத் தொடும் என்பதால், கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே உள்ள மூடிய பெட்டிக்குள் நீரை வடிகட்டிக் குழாய் வழியே திருப்பி அனுப்பும் கருவி) இன்றைய அளவுக்கு வாங்காமல் அவை முழு வளர்ச்சி அடைந்த நாளுக்குப் பொருந்தும்படி வாங்க விரும்புகிறேன்.

பெரிய ஃபில்டரான ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6 ஒன்றை வாங்குவதா, நடுத்தர ஃபில்டரான ஈஹைம் கிளாசிக் 2217 இரண்டை வாங்குவதா என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். எஃப்எக்ஸ்6-இன் விவரக் குறிப்பில் மணிக்கு 3,500 லிட்டர் என்று ஓரிடத்திலும் 2,130 லிட்டர் என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. இவற்றில் எதை நம்பிக் கணக்குப் போடுவது? மேலும், நீர்மட்டத்திலிருந்து ஃபில்டர் வைக்கும் அலமாரியின் தரை ஏறத்தாழ நான்கடி கீழே இருக்கும். அவ்வளவு உயரம் நீரை மேலே தள்ளும்போது பம்பின் வேகம் பாதியாகிவிடும் என்று சொல்கிறார்கள். அப்படியானால் இன்னும் பெரிய ஃபில்டராகப் பார்க்க வேண்டுமா?

விரால் (பதில்):

நண்பரே, உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிச் செய்திகள் கலந்திருக்கின்றன. முதலில் எண்களைப் பார்ப்போம். 3,500 என்பது பம்ப் மட்டும் தள்ளக்கூடிய நீரின் அளவு. 2,130 என்பது அதே பம்ப் ஃபில்டருக்குள் அமர்ந்து, குழாய்களின் வழியாக நீரைச் சுழற்றும்போது கிடைக்கும் அளவு. இரண்டையும் அச்சிடுவது அந்த நிறுவனத்தின் நல்ல வழக்கம் என்றே சொல்வேன், ஏனென்றால் பெரிய எண்ணை மட்டும் பெட்டியின் மேல் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும் தயாரிப்புகளும் சந்தையில் உண்டு. ஆனால் 2,130 கூட உங்கள் வீட்டில் நிலைத்து நிற்கும் எண் ஆகாது. பஞ்சும் செராமிக் வளையங்களும் நிறைந்து, பல நாள் கழிவு படிந்து, குழாய்களின் உட்புறத்தில் வழுவழுப்பான படலம் வளர்ந்த பிறகு, ஓட்டம் அதிலிருந்து கணிசமாகக் குறையும். எனவே, கழிவு அதிகம் உள்ள தொட்டிக்கு, குறிப்பிடப்பட்ட ஓட்டம் நீரின் அளவைப்போல் மணிக்கு ஐந்து மடங்காவது இருக்கட்டும் என்ற கணக்கைப் பலர் பின்பற்றுகிறார்கள். 450 லிட்டருக்கு அது 2,250 வருகிறது. அந்த வகையில் நீங்கள் சொல்லும் இரண்டு தேர்வுகளும் எல்லைக்கு அருகில்தான் இருக்கின்றன. தாராளமானவை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது செய்தி உயரம். இதில் பரவலான ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கேனிஸ்டர் ஃபில்டர் ஒரு மூடிய சுற்று. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலும் தொட்டிக்கு ஏறும் குழாயிலும் நீர் நிறைந்திருப்பதால், இறங்கும் நீரின் அழுத்தம் ஏறும் நீரின் எடையைச் சமன் செய்துவிடுகிறது. ஆகவே, நான்கடி உயரத்தையும் பம்ப் தன் வலிமையால் தூக்க வேண்டியதில்லை. அது வெல்ல வேண்டியது குழாய்ச் சுவரின் உராய்வையும், வளைவுகளையும், ஃபில்டருக்குள் இருக்கும் பொருள்களின் தடையையும், நீர் வெளியேறும் முனை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் அந்தச் சில அங்குல உயரத்தையும் மட்டுமே. பெட்டியில் அதிகபட்ச உயரம் என்று அச்சிட்டிருப்பது, பம்ப் திறந்தவெளியில் எவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்ற முடியும் என்பதைக் குறிக்கும் அளவு. உங்கள் அமைப்பு அப்படிப்பட்டதன்று. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே ஃபில்டரை எவ்வளவு ஆழத்தில் வைக்கலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு கொடுத்திருந்தால் அதை மீறாதீர்கள். அந்த வரம்பு ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் தாங்கும் அழுத்தத்தைப் பற்றியது.

எனவே, பெரிய ஃபில்டரைத் தேடுவதைக் காட்டிலும் குழாயை ஒழுங்காக அமைப்பதில் பலன் அதிகம். தேவைக்கு மேல் நீளமாக விட்டுச் சுருட்டி வைக்கும் குழாயும், அலமாரியின் துளையில் மடங்கி நெரியும் குழாயும் ஓட்டத்தை வெகுவாகக் குறைத்துவிடும். பொருத்தி முடித்த அன்றே ஓட்டத்தை அளந்து குறித்துவையுங்கள். வெளியேறும் குழாயின் முனையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் பிடித்து, 10 லிட்டர் வாளி எத்தனை நொடிகளில் நிறைகிறது என்று பாருங்கள். 30 நொடிகளில் நிறைந்தால் மணிக்கு 1,200 லிட்டர். முனையை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் சைஃபன் இழுப்பும் (நீர் தன் எடையால் கீழ்நோக்கி இழுக்கும் விசை) சேர்ந்துகொண்டு உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். பின்னாளில் இதே முறையில் அளக்கும்போது ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அது ஃபில்டரைத் திறக்க வேண்டிய நாள் என்று கொள்ளலாம்.

கெளுத்தி (பதில்):

விரால் அவர்கள் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் இந்தத் தொட்டிக்கு நான் இரண்டு ஃபில்டர்களையே பரிந்துரைப்பேன். அதற்கான காரணம் லிட்டர் கணக்கில் இல்லை. 2217 ஒன்றின் ஓட்டம் மணிக்கு 1,000 லிட்டர், மின்தேவை 20 வாட். இரண்டு சேர்ந்தால் 2,000 லிட்டரும் 40 வாட்டும் ஆகின்றன. எஃப்எக்ஸ்6 எடுத்துக்கொள்வது 43 வாட், சுழற்றுவது 2,130 லிட்டர். ஆக, மின்கட்டணத்திலோ ஓட்டத்திலோ பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு முழுவதும் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் பாதுகாப்பில்தான் இருக்கிறது.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, பஞ்சிலும் செராமிக்கிலும் ஒட்டிக்கொண்டுதான் பெருமளவில் வாழ்கின்றன. ஒரே ஃபில்டர் இருந்தால், அதைக் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடியிருப்பு முழுவதையும் ஒரே நாளில் கலைக்கிறோம். இரண்டு இருந்தால் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றது என்று மாற்றி மாற்றித் திறக்கலாம். ஒரு பம்ப் பழுதானாலும் மற்றது மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். ஐந்தடித் தொட்டியில் இன்னொரு நன்மையும் உண்டு. இரு முனைகளிலிருந்தும் நீர் இழுக்கப்படுவதால், நடுவில் கிடக்கும் பெரிய கட்டையின் பின்னால் கழிவு தேங்குவது குறையும்.

மின்தடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். மூடிய பெட்டிக்குள் ஓட்டம் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் நீரின் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். பல மணி நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே மீண்டும் ஓடவிட்டால், அழுகத் தொடங்கிய நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். அந்த நிலையில் முதலில் பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரில் அலசக் கூடாது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

குரவை (பதில்):

இரண்டு ஃபில்டர் வாதத்தை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக உடன்படவில்லை. இரண்டு ஃபில்டர் என்றால் குழாய்கள் இரு மடங்கு, இணைப்புகள் இரு மடங்கு, ஓ-ரிங்குகளும் (மூடியில் நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இரு மடங்கு. கேனிஸ்டரில் நீர் ஒழுகும் வாய்ப்புள்ள இடங்கள் எல்லாம் இவைதான். அதைவிட முக்கியமானது, ஃபில்டரைத் திறக்கும் வேலையில் இருக்கும் சிரமம். திறப்பதற்குக் கடினமான ஃபில்டர், அதன் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், உரிய நேரத்தில் திறக்கப்படாமலே போகும். கேனிஸ்டருக்குள் சிக்கிய கழிவு நம் கண்ணுக்கு மறைகிறதே தவிர, தொட்டி நீரிலிருந்து வெளியேறிவிடுவதில்லை. அது அங்கேயே கரைந்து நைட்ரேட்டாகித் தொட்டிக்குத் திரும்புகிறது. ஆஸ்கார் உண்ணும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். வாயில் மென்று செவுள் வழியே அது சிதறவிடும் உணவுத் துணுக்குகளே ஒரு பஞ்சை அடைக்கப் போதுமானவை.

ஆகவே நான் முதலில் பார்ப்பது முன்வடிகட்டி, அதாவது பெரிய கழிவை முதலிலேயே பிடித்து நிறுத்தும் பகுதி. ஓவாசே பயோமாஸ்டர் 600-இல் பெட்டியைத் திறக்காமலே முன்வடிகட்டியை மட்டும் தனியே உருவி எடுத்து வாரந்தோறும் அலசலாம். அதன் ஓட்டம் 1,250 லிட்டர், மின்தேவை 22 வாட். எஃப்எக்ஸ்6-இல் அடியில் ஒரு வடிகால் வால்வு இருப்பதால், தேங்கிய கழிவை அவ்வப்போது வெளியேற்ற முடிகிறது. மின்சாரம் திரும்பியதும் அது தானாகவே காற்றை வெளியேற்றிக்கொண்டு இயங்கத் தொடங்கும். ஈஹைம் கிளாசிக் எளிமையானது, நெடுங்காலம் உழைக்கக்கூடியது, ஓசையும் குறைவு. ஆனால் நீரை நிரப்பித் தொடங்கிவைக்கப் பொத்தான் எதுவும் அதில் இல்லை என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். எதை வாங்கினாலும், உறிஞ்சும் முனையில் பெருந்துளைப் பஞ்சு ஒன்றை மாட்டிவிடுங்கள். ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே தடவுங்கள், ஏனெனில் பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்பச் செய்யும்.

தொட்டியில் துளையிடும் நிலை இன்னும் கைவசம் இருக்குமானால் சம்ப் அமைப்பையும் (துளை வழியே நீரைக் கீழே உள்ள தனித் தொட்டிக்கு இறக்கி வடிகட்டும் முறை) எண்ணிப்பார்க்கலாம். துளையிட இயலாது என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

அயிரை:

மூவருக்கும் மிக்க நன்றி. கண்ணாடி ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டதால் துளையிடும் வாய்ப்பு இல்லை. உங்கள் விளக்கங்களைப் படித்த பிறகு, முன்வடிகட்டி உள்ள பயோமாஸ்டர் 600 இரண்டை இரு முனைகளிலும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சேர்த்துப் பார்த்தால் 2,500 லிட்டர் வருகிறது. கெளுத்தி அவர்கள் சொன்ன பாதுகாப்பும் குரவை அவர்கள் சொன்ன பராமரிப்பு எளிமையும் ஒருங்கே கிடைக்கும் என்று நம்புகிறேன். எஞ்சியிருப்பது ஒரே ஐயம். பழைய தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஹேங்-ஆன் ஃபில்டரில் நன்கு ஊறிய பஞ்சு இருக்கிறது. அதைப் புதிய ஃபில்டருக்குள் போட்டுவிட்டு மீன்களை உடனே மாற்றலாமா?

கெளுத்தி:

நல்ல தேர்வு. பஞ்சைத் தாராளமாகப் போடலாம். பிழிந்து சுத்தம் செய்யாமல், ஈரம் காயவிடாமல், எடுத்த உடனே போடுங்கள். செராமிக் வளையங்களுக்கு முன்னால் நீர் கடந்து வரும் தட்டில் அது இருக்கட்டும். ஆனால் அந்தப் பஞ்சில் இருப்பது பழைய தொட்டியின் கழிவுக்கு ஏற்ற அளவு பாக்டீரியாவே. அதே மீன்கள், அதே அளவு உணவு என்றால் அது தாங்கும். புதிய தொட்டி பெரிதாயிற்றே என்று உணவைக் கூட்டினாலோ, வேறு மீன்களைச் சேர்த்தாலோ தாங்காது. இன்னும் பாதுகாப்பான வழி, ஒரு புதிய ஃபில்டரைச் சில வாரங்களுக்குப் பழைய தொட்டியிலேயே ஹேங்-ஆனுடன் சேர்த்து ஓடவிட்டு, பிறகு மீன்களோடு அதையும் சேர்த்து இடம் மாற்றுவது. சிறிய தொட்டியில் ஓட்டம் மிகுதியாகத் தோன்றினால் வெளியேறும் பக்கத்து வால்வைச் சற்று மூடிக்கொள்ளுங்கள். உறிஞ்சும் பக்கத்தை மூடினால் பம்ப் நீரின்றித் திணறும்.

மாற்றிய பிறகு முதல் இரண்டு வாரங்களுக்கு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதித்துப் பாருங்கள். இரண்டில் எது தலைகாட்டினாலும் அன்றே உணவை நிறுத்தி, நீரில் கால் பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். மாற்றும் நீரின் வெப்பம் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். அதில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.