புதிய நிரல்மொழியில் கெட்டரும் செட்டரும் ஃபீல்டைப் போலவே தோன்ற வேண்டுமா?

நிரல்தச்சன்:
நான் வடிவமைத்துவரும் நிரல்மொழியில் ப்ராப்பர்ட்டிக்கு (வெளியே ஃபீல்டு போலத் தோன்றி, உள்ளே நிரலை இயக்கும் உறுப்புக்கு) எந்த இலக்கணம் பொருந்தும் என்று தீர்மானிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். என் முன்மொழிவின்படி, “வட்டம்.ஆரம்” என்று படிப்பதும் “வட்டம்.ஆரம் = 5” என்று எழுதுவதும் ஃபீல்டை, அதாவது பொருளுக்குள் மதிப்பு நேரடியாகச் சேமிக்கப்படும் இடத்தை, கையாள்வது போலவே இருக்கும்; கிளாஸை எழுதியவர் தேவைப்படும்போது அதே பெயரின் அடியில் “பெறு” (கெட்டர், மதிப்பைத் தருவது), “இடு” (செட்டர், மதிப்பை ஏற்பது) என்னும் இரண்டு பிளாக்குகளைச் சேர்த்துக்கொள்ளலாம், வெளியே உள்ள நிரலில் ஒரு வரியும் மாறாது. ஜாவாவில் இதற்கு வழியில்லாததால், என்றோ ஒருநாள் சரிபார்ப்பு தேவைப்படலாம் என்று ஒவ்வொரு ஃபீல்டுக்கும் படிக்க ஒன்று, எழுத ஒன்று என இரண்டு மெத்தடுகளை முன்கூட்டியே எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. மதிப்பு சேமிக்கப்பட்டதா கணக்கிடப்பட்டதா என்பதைப் பயன்படுத்துபவர் அறிய வேண்டியதில்லை என்னும் பெர்ட்ரண்ட் மேயரின் சீரான அணுகல் கொள்கையும் இதையே ஆதரிக்கிறது.

வரிக்குவரி:
மேயரின் கொள்கை படிப்பதற்குப் பொருந்துகிறது, எழுதுவதற்கு அல்ல. அவருடைய ஐஃபெல் மொழியில் ஒரு பொருளின் ஃபீல்டுக்கு வெளியிலிருந்து நேரடியாக மதிப்பை இட முடியாது. அந்தக் கிளாஸின் ரொட்டீன் (மெத்தடு) ஒன்றை அழைத்தே மாற்ற வேண்டும். (மதிப்பை நேரடியாக இடுவது போல எழுதும் சுருக்கவடிவம் பின்னர் சேர்க்கப்பட்டது, அதுவும் அந்த ரொட்டீனையே அழைக்கிறது.) நான் பிறர் எழுதிய நிரலில் பிழை தேடுபவன். “அமைப்பு.மொழி = புதியது” என்ற வரி நினைவகத்தில் ஒரு மதிப்பை வைக்கிறதா, ஒரு கோப்பைத் திறந்து எழுதுகிறதா என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும். சி ஷார்ப்பின் “டேட்டைம்.நவ்” ஒரு ப்ராப்பர்ட்டிதான், ஆனால் அடுத்தடுத்த இரு வரிகளில் படித்தால் இரு வேறு மதிப்புகள் வரக்கூடும். கோ மொழி ப்ராப்பர்ட்டியே இல்லாமல் சாதாரண மெத்தடுகளோடு நன்றாகவே இயங்குகிறது.

ஆழ்நிரல்:
தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசினால் கடினமான இடம் தப்பிவிடும். “பெட்டி.இடம்.கிடை = 5” என்ற வரியை எடுத்துக்கொள்வோம்; “இடம்” என்பது சி ஷார்ப்பின் ஸ்ட்ரக்ட் போல நகலெடுக்கப்படும் மதிப்புவகை. அது ஃபீல்டாக இருந்தால் இவ்வரி இயங்கும். அதையே ப்ராப்பர்ட்டியாக மாற்றிய மறுகணம், கெட்டர் தருவது ஒரு தற்காலிக நகல் மட்டுமே என்பதால் சி ஷார்ப் கம்பைலர் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. ஆக, வெளி நிரலில் ஒரு வரியும் மாறாது என்ற உங்கள் வாக்குறுதி அங்கே உடைகிறது. ஸ்விஃப்ட் மொழியில் கெட்டர் அழைக்கப்பட்டு, நகல் திருத்தப்பட்டு, முழு மதிப்பும் செட்டர் வழியாகத் திரும்ப எழுதப்படுகிறது. நீங்கள் அந்த வழியைத் தேர்ந்தால், ஒரேயொரு எண்ணை மாற்றும் வரி இரண்டு அழைப்புகளாக விரியும் என்பதை மொழியின் வரையறையிலேயே எழுதிவைக்க வேண்டும். ப்ராப்பர்ட்டியின் மதிப்பை உள்ளே சேமிக்கும் பின்னணி ஃபீல்டுக்கு என்ன பெயர் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கோட்லின் மொழி தொடக்கத்திலேயே “ஃபீல்டு” என்ற சொல்லைக் கெட்டர், செட்டருக்குள் அளித்துவிட்டது. சி ஷார்ப்பில் அது 2025இல் 14ஆம் பதிப்பில்தான் முழுமையாக வந்தது, அதற்குள் அதே பெயரைத் தம் கிளாஸ்களில் வைத்திருந்தவர்களுடைய நிரலோடு மோதும் நிலையும் வந்தது.

நிரல்தச்சன்:
ஸ்விஃப்ட்டின் வழியை ஏற்கிறேன். வரிக்குவரி அவர்களின் கவலைக்கும் அங்கேயே ஒரு விடை இருப்பதாக எண்ணுகிறேன்: 5.5ஆம் பதிப்பிலிருந்து, படிப்பதற்கு மட்டுமான ப்ராப்பர்ட்டியின் கெட்டர் பிழை எறியலாம் (தோல்வியை அழைத்த வரிக்குத் தெரிவிக்கலாம்), காத்திருக்கவும் செய்யலாம். ஆனால் அதைப் படிக்கும் வரியில் “ட்ரை” அல்லது “அவெயிட்” என்று குறித்தாக வேண்டும். செட்டர் பிழை எறிவதை நானும் தடைசெய்துவிடுகிறேன்.

வரிக்குவரி:
கெட்டரைப் பொறுத்தவரை இது எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் செட்டர் பிழை எறியக்கூடாது என்றால், பின்னாளில் சரிபார்ப்பைச் சேர்ப்பவர் என்ன செய்வார்? தவறான மதிப்பை ஓசையின்றித் திருத்த வேண்டும், அல்லது நிரலையே நிறுத்த வேண்டும், அல்லது மெத்தடாக மாற்ற வேண்டும். மெத்தடாக்கினால் அழைக்கும் வரிகள் அனைத்தும் மாறும். ஜாவாவின் பழக்கத்திலிருந்து விடுபடுவதற்காகவே இந்த இலக்கணம் என்று நீங்கள் சொன்ன காரணம் இங்கே வலுவிழக்கிறது.

நிரல்தச்சன்:
இந்த முரணை நான் முன்பே கண்டிருக்க வேண்டும். எதிர்மறை ஆரம் போன்றது நிரலாளரின் பிழை, அங்கே நிரலை நிறுத்துவது சரி என்றே இன்னும் கருதுகிறேன். பயனர் உள்ளிடும் தரவுக்கு அந்த விடை போதாது. எனவே முதல் வரைவில் “பெறு” பிளாக்கை மட்டும் சேர்க்கிறேன். “இடு” என்பதை ஒதுக்கப்பட்ட சொல்லாக (நிரலாளர் வேறெதற்கும் பெயராக வைக்க முடியாததாக) மட்டும் வைத்துவிட்டு, திரும்ப எழுதும் விதிகளைத் தனி வரைவாக இங்கேயே முன்வைக்கிறேன்.