5 நிமிடம் தாண்டும் வலிப்பு: மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே எத்தனை முறை அடிப்பது?

கேள்வி:
பெண்ணுக்கு 6 வயது, எடை 20 கிலோ. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் போனால் மூக்கில் அடிக்க மிடாசோலம் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் "4 மி.கி." என்று மட்டும் இருக்கிறது. பாட்டிலில் ஒரு ஸ்ப்ரேக்கு 0.5 மி.கி. என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 8 தடவையா? அது அதிகமில்லையா? பள்ளியில் டீச்சருக்கும் சொல்லித்தர வேண்டும்.

பதில் 1 (மருந்தாளுநர்):
உங்கள் கணக்கு சரி. மூக்கு வழி மிடாசோலத்துக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி., உச்சம் 10 மி.கி. 20 கிலோவுக்கு 4 மி.கி., ஆகவே 0.5 பாட்டிலில் 8 ஸ்ப்ரே. வலது, இடது என மாற்றி மாற்றி, பக்கத்துக்கு 4. ஒரே துவாரத்தில் எல்லாவற்றையும் அடித்தால் தொண்டைக்கு வழிந்து விழுங்கப்படும், வேலை செய்ய நேரமாகும்.

கடையில் 1.25 மி.கி. பாட்டிலும் கிடைக்கும். அதில் 8 அடித்தால் 10 மி.கி. ஆகிவிடும், இந்தக் குழந்தைக்கு அது ஆபத்து. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் "ஒரு ஸ்ப்ரேக்கு எவ்வளவு" என்ற வரியைப் படியுங்கள். பாட்டில் மாறினால் எண்ணிக்கையை மருத்துவரிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். எடை கூடும்போதும் அப்படியே. போன வருடச் சீட்டு இந்த வருடத்துக்குப் போதாமல் போகலாம்.

புதுப் பாட்டிலில் முதல் சில அழுத்தல்கள் வெறும் காற்றுதான். சன்னமான புகை போல வரும்வரை வெளியே அடித்துப் பாருங்கள். வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது, வலிப்பு நேரத்தில் கை நடுங்கும். பல வாரம் தொடாமல் இருந்தாலும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

பதில் 2 (நரம்பியல் வார்டு செவிலியர்):
டீச்சருக்கு முதலில் கடிகாரம் பார்க்கச் சொல்லித் தாருங்கள். பார்ப்பவர்களுக்கு ஒரு நிமிடமே பத்து நிமிடம் போலத் தோன்றும். பெரும்பாலான வலிப்புகள் 2, 3 நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைகிறது, மருந்துக்கு மசிவதும் கடினமாகிறது. அதனால்தான் அந்த எல்லை.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும்: துடிப்பு நின்று பிள்ளை அசந்து கிடப்பதை இன்னும் வலிப்பு என்று நினைத்து மருந்து கொடுப்பது. கை கால் தளர்ந்து, மூச்சு சீராகிவிட்டால் மருந்து வேண்டாம். தேவையில்லாத தூக்கமும் மூச்சுக் குறைவும்தான் மிச்சம்.

அடிக்கும்போது பாட்டிலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் குழாய் மருந்தில் மூழ்கியிருந்தால்தான் முழு அளவு வரும். சாய்த்தால் காற்று. மூக்கில் சளியோ ரத்தமோ இருந்தால் துடைத்துவிட்டு அடியுங்கள். முடிந்ததும் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். சாவிக்கொத்தும் வேண்டாம், அதைத் தேடும் நேரத்தில் நாலு ஸ்ப்ரே அடித்துவிடலாம்.

பிறகு மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உதடு நீலமானாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே 108.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 8 அடித்தும் நிற்கவில்லை என்றால் இன்னொரு 8 அடிக்கலாமா?

பதில் 2:
உங்கள் மருத்துவர் சீட்டில் எழுதாமல் இரண்டாவது டோஸ் கொடுக்க வேண்டாம். டோஸ் கூடக் கூட மூச்சு குறையும் ஆபத்தும் கூடும். மருந்து கொடுத்து 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. நினைவு திரும்பாமல் மறுபடி வலித்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் அதேதான். இந்த மருந்தை முதல்முறை கொடுக்கும்போது ஸ்ப்ரே அடித்த கையோடு 108-ஐ அழைத்துவிடுவது நல்லது. வருபவர்களிடம் எத்தனை மணிக்கு, எத்தனை மி.கி. கொடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டும், ஊசி போடும் முன் அவர்கள் கேட்பது அதைத்தான்.

பதில் 1:
பள்ளிக்குத் தனிப் பாட்டில் ஒன்று கொடுங்கள். பையில் போட்டு வெயிலில் அலைய விடாதீர்கள், பூட்டி வைத்துச் சாவியைத் தொலைக்கவும் வேண்டாம். பாட்டில் மேலேயே பெரிதாக ஒட்டுங்கள்: "5 நிமிடம். வலது 4, இடது 4. நிற்காவிட்டால் 108." கூடவே காலாவதித் தேதி. திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், பெட்டியிலேயே இருக்கும், பாருங்கள்.