‘அதையே திரும்பத் திரும்ப ஊதுகிறார்கள்’ என்பது சரிதானா?

மாடிவீட்டுப் பியானோ | வெள்ளி, இரவு 10.40

சுங்கை சிப்புட் கடைவரிசை மாடியில் பியானோ சொல்லிக்கொடுப்பவள் நான். இங்கே பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். திட்ட நினைப்பவர்கள் நேரிலேயே வரலாம், தேநீர் உண்டு.

இன்று தோட்டத்துக் கோவில் திருவிழா. அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூடக் கிடையாது, எல்லாம் செம்பனை. கோவில் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது. சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்திலும் தவிலிலும் மல்லாரி வாசித்தார்கள். ஐந்தாம் கிரேடு தேர்வுக்கு என்னிடம் படிக்கும் பையன் பக்கத்தில் நின்றிருந்தான். “டீச்சர், அதையே திரும்பத் திரும்ப ஊதுகிறார்களே, கருவை எங்கே வளர்க்கிறார்கள்?” என்று கேட்டான். கரு என்றால் பாட்டு முளைக்கும் மூலத் துண்டு. “வளர்ப்பதில்லை, அலங்கரிக்கிறார்கள்” என்றேன். முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

சொன்னதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1808 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அதன் முதல் பகுதிக்குக் கரு வெறும் நான்கு சுரம்: மூன்று குறில், ஒரு நெடில். அதை வைத்துக்கொண்டு 502 பார் (தாளக் கட்டம்) ஓட்டுகிறார். தலைகீழாக்குகிறார், உடைக்கிறார், சொந்தச் சுருதியை விட்டு ஊர் ஊராக அழைத்துப் போகிறார், கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ஒரே வரியைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு திரும்பத் திரும்பப் பாடும் நம்முடைய சங்கதிகளில் நடப்பது என்ன? ஒரே சேலைக்கு ஜரிகை கூடிக்கொண்டே போகிறது. சேலை மாறுவதில்லை.

தவில்வீட்டுப் பிள்ளை | வெள்ளி, இரவு 11.15

முறைத்தது நான்தான், டீச்சர். வாசித்தது என் அப்பாவின் குழு.

மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டுவரி, கிடையாது. கம்பீரநாட்டை ராகம், ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். சொல்லும் இல்லை, சுரமும் குறைவு என்றால் கலைஞன் எதை வைத்து வளர்ப்பான்? காலத்தை வைத்து. தாளம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதன்மேல் முதலில் விளம்பத்தில், அதாவது மெதுவாக, ஒரு முறை, பிறகு இரட்டிப்பு வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டிப்பில். பல்லக்கு வாசலைத் தாண்டும் நேரத்தில் நீங்கள் கேட்டது மூன்றாம் காலம். அதற்குள் முதல் காலத்தை மறந்துவிட்டு ‘அதையே ஊதுகிறார்கள்’ என்கிறீர்கள். அதையேதான் ஊதினார்கள். ஆனால் முதலில் எட்டு அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) நடந்து வந்தது இப்போது இரண்டு அட்சரத்தில் ஓடுகிறது. கைவிரலால் எண்ணிப் பார்த்தால்தான் அது புரியும். உங்கள் பையன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எப்படி எண்ணுவான்?

பழைய கிராணி | சனி, காலை 6.05

தம்பி, கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வை. நீ சொன்ன வித்தையை மேற்கில் பாஹ் செய்திருக்கிறார். ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடுவதுதான் ஃபியூக்; அவருடைய ‘ஃபியூக் கலை’ என்ற தொகுப்பின் ஏழாவது உருப்படியில் ஒரே கரு இயல்பான நடையிலும், அதில் பாதியாகச் சுருங்கியும், இரு மடங்காக நீண்டும் வரும். ஒரு வித்தியாசம் உண்டு. உன் அப்பா மூன்று காலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறார். பாஹ் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிடுகிறார். மேல் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்க் குரல் யானைபோல நடக்கும். பல குரல் கொண்ட இசை என்பதால் அங்கே அப்படிச் செய்ய முடிகிறது.

நான் இதையெல்லாம் பள்ளியில் படித்தவன் அல்லன். தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற ஆள்கணக்குப் பதிவேடு எழுதியவன். வானொலியில் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போனது. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் கீழே 1998ல் பில்ஹார்மோனிக் மண்டபம் திறந்த பிறகு, பாத்தேக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

ஆனால் டீச்சர் சொல்வதில் ஒன்றை மறுக்க முடியாது. பீத்தோவனின் கரு வீட்டைவிட்டு வெளியே போகிறது. நம் ராகம் போவதில்லை. தம்புரா ஒரே ஸ-வை, அந்த ஆதார சுரத்தை, பிடித்துக்கொண்டிருக்கும்போது எங்கே போவது?

சுருதிப்பெட்டி | சனி, காலை 9.30

போகாமலே வளரலாம், ஐயா. ஆலமரம் எங்கே போகிறது?

சரி, உவமை வேண்டாம். பாட்டுக்கே வருகிறேன். ஈப்போவில் பத்து வருடம் வாய்ப்பாட்டு கற்றவள் நான். தியாகராஜரின் ‘சக்கனி ராஜ மார்கமு’, கரகரப்ரியா ராகம், ஆதி தாளம். பல்லவி ஒரே வரிதான். முதல் சங்கதி வெறும் எலும்புக்கூடு. அடுத்ததில் வரியின் முன்பாதி அப்படியே இருக்க, பின்பாதியில் ஒரு வளைவு மட்டும் மாறும். அதற்கடுத்ததில் அந்த வளைவு நிலைத்துவிடும், வேறொரு சொல்லின் இடம் அசையும். ஒரு சங்கதியை நடுவில் விட்டுவிட்டு அடுத்ததைப் பாடினால் என் குரு நிறுத்திவிடுவார். “படியைத் தாண்டிக் குதிக்காதே” என்பார். ஜரிகை என்றால் எந்த ஓரத்தில் வேண்டுமானாலும் தைக்கலாமே, டீச்சர்? இங்கே வரிசை மாறினால் பொருளே கெட்டுவிடுகிறது. ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து பிறக்கிறது. இதற்குப் பெயர் வளர்ச்சி இல்லை என்றால் வேறு என்ன?

ஒரு செய்தி: தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் 1770. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் மூத்தவரான சியாமா சாஸ்திரி 1827 பிப்ரவரியில் மறைந்தார், பீத்தோவன் அதே ஆண்டு மார்ச்சில். தஞ்சாவூர்ப் பக்கமும் வியன்னாவும் ஒன்றையொன்று கேள்விப்படாமலே, ஒரு சின்ன வரியை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று ஒரே காலத்தில் முயன்று பார்த்திருக்கின்றன.

மாடிவீட்டுப் பியானோ | சனி, காலை 11.00

அந்தப் பாட்டையே எடுத்தீர்களே, நன்றி! அதன் பொருள் என்ன? ‘அழகான ராஜபாட்டை இருக்கும்போது சந்துகளில் ஏன் நுழைகிறாய், மனமே?’ தியாகராஜர் சந்துக்குள் போகாதே என்கிறார். பீத்தோவன் ஒரு சந்தையும் விடுவதில்லை. நான் சொல்லவந்ததை அவரே பாடிவிட்டார்.

இன்னொரு கேள்வி. நீங்கள் பாடும் சங்கதிகள் எல்லாம் தியாகராஜர் போட்டவைதானா? சீடர்களும் பின்வந்த வித்வான்களும் சேர்த்தவை எத்தனை? ஒவ்வொரு பாடாந்தரத்திலும், அதாவது குருவழியிலும், எண்ணிக்கை மாறுகிறதே. அப்படியானால் கருவை வளர்த்தவர் இயற்றியவரா, பாடியவரா? பீத்தோவனில் இந்தக் குழப்பம் இல்லை. எழுதியிருக்கிறது, வாசிக்கிறோம்.

செம்பனை லாரி | சனி, பகல் 12.20

நான் பழக்குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறவன். ஆலை வாசலில் லாரி வரிசையில் நிற்கும்போது இந்தத் திரி முழுவதையும் படித்துவிட்டேன். டீச்சர் சொன்ன பீத்தோவன் பாட்டின் தொடக்கத்தையும் கேட்டேன். டடட டாம், அவ்வளவுதானே? கரு என்கிறீர்களே, அது கதவைத் தட்டுவதுபோல இருக்கிறது. ஒரு மெட்டுகூட இல்லை. எங்கள் உறுமி மேளக்காரன் இதைவிட நல்லதாக ஆரம்பிப்பான்.

பழைய கிராணி | சனி, பகல் 12.50

லாரித் தம்பி கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அழகான மெட்டை வளர்ப்பது கடினம், ஏனென்றால் அது ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. உடைத்தால் அழுகை வரும். மெட்டே இல்லாத துண்டை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தியாபெல்லி என்ற பதிப்பாளர் 1819ல் ஒரு சாதாரண வால்ட்ஸ் மெட்டைப் பலருக்கும் அனுப்பி, ஆளுக்கு ஒரு மாறுபாடு எழுதித் தரும்படி கேட்டார். அதில் பீத்தோவன் 33 எழுதினார். மெட்டு சப்பையாக இருந்ததும் அதற்கு வசதியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சுருதிப்பெட்டி | சனி, பிற்பகல் 2.10

டீச்சரின் ‘எழுதியிருக்கிறது’ என்ற வாதத்துக்குப் பதில். 1747ல் பாஹ் போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனபோது பிரஷ்ய மன்னர் பிரெடரிக் ஒரு கருவைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பாஹ் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை மூன்று குரல் ஃபியூக்காக வளர்த்தார். எழுத்து பிறகுதான் வந்தது. பீத்தோவனும் இளமையில் பெயர் வாங்கியது மனோதர்மமாக, அந்த நேரத்துக் கற்பனையில், வாசித்துத்தான். ஆக, உங்கள் ஆட்களும் முதலில் எங்களைப்போல நிரவல் செய்தவர்கள்தாம், ஒரே வரியை அங்கேயே விரித்தவர்கள்தாம். பிறகு காகிதத்தில் பூட்டிவைத்தார்கள். எங்களிடம் பூட்டு இல்லை, அவ்வளவுதான். இயற்றியவர் விதைக்கிறார், நான்கு தலைமுறை தண்ணீர் ஊற்றுகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சந்து விஷயத்தில் மட்டும் நீங்கள் ஜெயித்தீர்கள். சிரித்துவிட்டேன்.

தவில்வீட்டுப் பிள்ளை | சனி, மாலை 4.45

மதியம் முழுக்க உங்கள் ஐந்தாம் சிம்பொனியைத் தாளம் போட்டுக் கேட்டேன். முதல் பகுதியை மட்டும் ஆறு தடவை. இரண்டு விஷயம்.

ஒன்று, அந்த நான்கு சுரம் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், எடுக்கவில்லை. ஒரு சின்ன இடம் விட்டு எடுக்கிறார். ‘(த) ப ப ப கா... (த) ம ம ம ரீ...’ அந்த விட்ட இடத்தை யாரும் வாசிப்பதில்லை, கையில்தான் தெரிகிறது. நாங்கள் இதை அனாகத எடுப்பு என்போம். மெட்டு இல்லாவிட்டாலும் அதில் உந்துதல் இருப்பதற்கு அந்த மௌனம்தான் காரணம் என்று நினைக்கிறேன். லாரி அண்ணன் ‘டடட டாம்’ என்று எழுதியபோது அதை விட்டுவிட்டார்.

இரண்டாவது, நடுவில் ஓரிடத்தில் எல்லாம் அடங்கிப்போய், ஒரு பக்கம் ஊதுகிறவர்கள், மறுபக்கம் வில்போட்டு வாசிக்கிறவர்கள், மாறி மாறி ஏதோ வைக்கிறார்கள். முதலில் இரண்டிரண்டாக, பிறகு ஒன்றொன்றாக. கிராணி ஐயா, அது என்ன?

பழைய கிராணி | சனி, மாலை 5.20

சரியான இடத்தில் கையை வைத்தாய். இரண்டாவது கரு வருவதற்கு முன்பு ஹார்ன் என்ற ஊதுகருவிகள் ஒரு கூப்பிடு குரல் கொடுக்கும்: மூன்று குறில், மூன்று நெடில். அதன் தொடக்கம் பழைய நான்கு சுரத்தின் நடையேதான். இறக்கம் மட்டும் இன்னும் ஆழமாகியிருக்கும். நடுப்பகுதியில் பீத்தோவன் இந்தக் கூப்பிடு குரலை எடுத்துக்கொள்கிறார். முன்னால் உள்ள குறில்களை உதறிவிடுகிறார். மிச்சத்தில் இரண்டு நெடிலை மட்டும் கிள்ளி, ஊதுகருவிகளுக்கும் தந்திகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். பிறகு அதையும் பாதியாக்கி, ஆளுக்கு ஒன்று. சத்தமும் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் கருவில் எதுவுமே மிச்சமில்லை, மூச்சு மட்டும்தான் இருக்கிறது. மண்டபத்தில் கேட்டபோது பக்கத்து இருக்கைக்காரர் இருமலை அடக்கியது எனக்குக் கேட்டது.

தவில்வீட்டுப் பிள்ளை | சனி, மாலை 5.32

ஐயா, இது குறைப்பு!

இரண்டு தவில் எதிரெதிரே உட்கார்ந்தால் செய்வது இதுதான். முதலில் ஆளுக்கு ஒரு முழு ஆவர்த்தம் (தாளச் சுற்று), பிறகு அரை, பிறகு கால், கடைசியில் நீ ஒரு சொல், நான் ஒரு சொல். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு இருவரும் சேர்ந்து கோர்வை என்ற முடிவுக் கணக்கை வைத்துச் சமத்தில் விழுவார்கள். டீச்சர், வளர்ப்பது என்றால் பெரிதாக்குவது மட்டுமில்லை என்று உங்கள் ஆளே சொல்கிறாரே. சின்னதாக்கிக்கொண்டே போவதும் வளர்ப்புதான். தவிலின் தனி வாசிப்புக்கு வளர்ச்சி இல்லை என்று இனி யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

மாடிவீட்டுப் பியானோ | சனி, மாலை 6.15

தம்பி, பத்து வருடமாக இந்தப் பகுதியை மாணவர்களுக்கு விளக்கிவருகிறேன். ‘துண்டாடுதல்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்ததே இல்லை. மல்லாரியைப் பற்றிச் சொன்ன ‘அலங்காரம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். சங்கதியைப் பற்றிச் சொன்னதை அல்ல.

சுருதிப்பெட்டி | சனி, மாலை 6.18

பார்த்தீர்களா, தவிலுக்கு மட்டும் மரியாதை.

தவில்வீட்டுப் பிள்ளை | சனி, இரவு 8.50

அப்பாவுக்கு அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். ஒன்றொன்றாகக் குறையும் இடத்தில் தலை ஆட்டினார். பிறகு எல்லோருமாகத் திடீரென்று கூப்பிடு குரலைப் பலமாக எழுப்பி, மறுபடி அடங்கி, மறுபடி வெடித்து, பழைய நான்கு சுரத்துக்கு வந்து விழுந்தார்கள். அப்பா கண்ணைத் திறந்து, “குறைப்பு நன்றாக இருக்கிறது. கோர்வை எங்கே? கணக்கு வைக்காமல் எப்படிச் சமத்துக்கு வந்தான்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாடிவீட்டுப் பியானோ | சனி, இரவு 9.10

கணக்கால் வரவில்லை. சுரக்கூட்டுகளால் வந்தார். அந்த ஒற்றை ஒற்றை நெடில்கள் தனிச் சுரங்கள் அல்ல. ஒவ்வொன்றும் பல சுரம் சேர்ந்த கூட்டு. சுருதி எங்கோ தூரமாகப் போய்விட்டது, எது ஸ என்றே காதுக்குத் தெரியாத நிலை. அந்தத் தவிப்பே வீட்டை நோக்கி இழுக்கிறது. உங்கள் அப்பாவுக்கு ஸ ஒருபோதும் தொலைவதில்லை, ஆகவே அவர் கணக்கைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார். பீத்தோவன் ஸ-வைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார். இதைத்தான் முதல் நாளே சொல்லவந்தேன், மோசமாகச் சொல்லிவிட்டேன்.

தவில்வீட்டுப் பிள்ளை | சனி, இரவு 9.25

படித்துக் காட்டினேன். “ஸ-வைத் தொலைக்கிறவன் கையில் நாயனத்தைக் கொடுக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மாடிவீட்டுப் பியானோ | சனி, இரவு 9.31

அந்தப் பையனைத் திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்கு அனுப்பலாமா? ஆதி தாளம் போடவாவது கற்றுக்கொள்ளட்டும். விரல் எண்ணத் தெரியாது, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தவில்வீட்டுப் பிள்ளை | சனி, இரவு 9.33

அப்பாவிடம் பொறுமை கிடையாது. ஐந்து மணிக்கு அனுப்புங்கள், நான் இருப்பேன். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.